டவருக்குக் கீழே கேட்ட மழை

அன்புள்ள நாகவள்ளிக்கு, பாலகுரு எழுதுவது. நான் நலம். அப்பாவின் இருமல் குறைந்ததா?

அபுதாபி பாலைவனத்தில் நாங்கள் நட்ட செல்போன் டவருக்கு நேற்று உயிர் வந்தது. “மொத கால் நீயே போடுப்பா” என்று இன்ஜினியர் வெங்கட்ராமன் தன் போனை நீட்டினார். எனக்கு மனப்பாடமான ஒரே நம்பர், பக்கத்து வீட்டு பானுமதி அக்காவுடையது. “இருப்பா, நாகுவக் கூட்டியாரேன்” என்று ரிசீவரைக் கட் பண்ணாமல் பக்கத்தில் வைத்துவிட்டு அக்கா ஓடினார்.

அப்போது கேட்டது, அக்கா வீட்டுத் தகரக் கூரையில் சடசடவென்று நம் ஊர் மழை! நேற்றுவரை வெறும் இரும்பாக நின்ற டவர் அது. உச்சி வெயிலில் அதன் கீழே நின்று மழையைக் கேட்டேன். மெய்சிலிர்த்துவிட்டது. நீ வருவதற்குள் இன்ஜினியர் “கலாஸ், முடிஞ்சுது, போதும்பா” என்று போனை வாங்கிக்கொண்டார்.

பெல்ட் மாட்டித்தான் ஏறுகிறேன், பயப்படாதே. லீவு முடிந்து வரும் மணிகண்டனிடம் தைலம் கொடுத்தனுப்பு. வலியெல்லாம் இல்லை, வாசத்துக்குத்தான்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. அடுத்த டவர் ஒன்றாம் தேதி. அன்று மதியம் அக்கா வீட்டிலேயே இரு. மழை பெய்யாவிட்டாலும் பரவாயில்லை.

உன் பாலகுரு