ரத்தக் கறை படாத கல்

அம்மாவுக்கு மகனின் வணக்கம். மூட்டுவலி தேவலையா?

ஒரு வீட்டுக் கொல்லையில், விருந்தாளிகள் உட்கார வளைவான கல்சுவர் கட்டுகிறோம். நேற்று ஒரு கல் நழுவி என் விரல் நசுங்கியது. நகம்தான் போயிற்று, பயப்படாதீர்கள். துணி சுற்ற அந்தச் சுவரிலேயே உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் ஓடிவந்தான்.

"எந்திரிடா, கல்லுல ரத்தக் கறை பட்டுடும்!"

விரலைப் பார்க்கவில்லை அம்மா, கல்லைத் துடைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்டினவன் உட்காரக் கூடாதா? முடிஞ்சா எழுப்பிப் பாரு!"

கூட வேலை செய்கிறவர்களும் கரண்டியைப் போட்டுவிட்டு, வளைவு முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அவனே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் உங்கள் பழைய சேலைத்துணி கொடுத்தனுப்புங்கள், கட்டுப்போட. போனில் பேச ஒன்றுமில்லையென்றாலும் வைத்துவிடாதீர்கள். போனை அடுப்படியில் வைத்துவிட்டுச் சமையுங்கள், கேட்டுக்கொண்டிருப்பேன். வேலைக்குக் கூட்டிப்போகிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், வருகிறேன்.