பேச்சே எழுதப்படாதவர்

4 ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டை அளவு கச்சிதம். பாதிரியாராகக் குருப்பட்டம் பெற இன்னும் நான்கு மாதம்தான். அதற்குள் குருமடத்தில் ஒரு கட்டுரை கேட்கிறார்கள். வேதாகமத்தில், இயேசுவை வளர்த்த சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சில வரிகளோடு காணாமல் போகிறார். பிறகு ஏன் அவரை இவ்வளவு கொண்டாடுகிறோம்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் நீங்கள்தானே.

உங்கள் மகன்

15 ஜனவரி

என் செல்ல மகனுக்கு,

குழாய் ரிப்பேர் செய்கிறவனிடமா வேதம் கேட்கிறாய்! சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று கனவில் கேட்டது, ஓடினார். தன் ரத்தம் இல்லாத பிள்ளைக்காக வேற்று நாட்டில் போய்ப் பிழைத்தார். பிள்ளை தொலைந்தபோது மூன்று நாள் தேடினார். கிடைத்ததும் பிள்ளை என்ன கேட்டார்? "நான் என் தந்தையின் வீட்டில் இருக்க வேண்டும் என்று தெரியாதா?" தேடி அலைந்தவரை எதிரே வைத்துக்கொண்டு! தெய்வப் பிள்ளை, சொன்னது சரிதான். ஆனாலும் அந்த இடம் வந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். சூசையப்பர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டிருப்பார். அதற்குத்தான் கும்பிடுகிறோம்.

இரண்டு வயதில் உன்னை முதன்முதலாகத் தூக்கினேன். என் சட்டையில் வாந்தி எடுத்தாய். அன்றிலிருந்து நீ என் பிள்ளை.

அப்பா

20 மார்ச்

அன்புள்ள உங்களுக்கு,

கட்டுரைக்கு முதல் மதிப்பெண். நன்றி.

என்னைப் பெற்றவர் தேடி வந்திருந்தார். பெரிய டாக்டர். அம்மாவைக் கைவிட்டதைச் சொல்லி அழுதார். மன்னித்துவிட்டேன். அழைப்பிதழில் தன் பெயரைப் போட முடியுமா என்றார், போட்டுவிட்டேன். பீடத்தில் என்னை ஒப்புக்கொடுக்கப்போவதும் அவர்தான்.

நீங்களும் வாருங்கள். பின்வரிசையில் உட்காருங்கள். யாராவது கேட்டால் அப்பா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சூசையப்பரைப் பற்றி எழுதியவர் நீங்கள், உங்களுக்குப் புரியும்.

மகன்

2 மே

மரியாதைக்குரிய ஃபாதர் அவர்களுக்கு,

இனி உங்களை நான்தானே ஃபாதர் என்று கூப்பிட வேண்டும்.

வந்திருந்தேன். கோயில் வாசலில் ஒரு அம்மா, "நீங்க யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார்.

"சொந்தமெல்லாம் இல்லம்மா. குழாய் பாக்க வந்தேன்."

"அப்ப பின்பக்கமா போங்க. காலையிலேர்ந்து ஒழுகுது."

உண்மையிலேயே ஒழுகியது. புதுச் சட்டையோடு வந்தவனிடம் ஸ்பேனர் ஏது? கைக்குட்டையைச் சுற்றி, அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைக்கில் உங்கள் குரல் வந்தது. நான் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் சொன்னீர்கள். "இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அப்பா" என்றீர்கள். ஒரே கைதட்டல். குழாயை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். டாக்டர் எழுந்து நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

நான் எழுதியது தப்பு, ஃபாதர். சூசையப்பர் பேசாமல் இருந்திருக்க மாட்டார். பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் அம்மாவின் போட்டோவை மட்டும் கொடுக்கவில்லை. வீட்டை நாளைக்குக் காலி செய்கிறேன். புது விலாசம் இதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
குழாய்க்காரன்