பன்னிரண்டு சந்தேகங்கள்

பிப்ரவரி 3

அறிக்கை முடிந்தது. துறைமுகத்தில் இருபத்தாறு வருடத்தில் கடல்மட்டம் பதினொரு சென்டிமீட்டர் ஏறியதாக அளவுகோல் காட்டுகிறது. அதில் இரண்டு, அளவுகோல் நிற்கும் படகுத்துறையே கீழே இறங்கியதால் வந்தது. மீதி ஒன்பதும் கடல். அந்த ஒன்பதில் பெரும்பங்கு, மனிதர்கள் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பூமியைச் சூடாக்கியதால் வந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம். சொல்ல அரை நிமிடம்.

அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அவள் வீடு கரைத்தெருவில். அமாவாசை, பௌர்ணமி வந்தால் கூடத்தில் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர். அரசு அமைத்த விசாரணைக் குழு என் அறிக்கையை ஏற்றால் அந்தத் தெருவின் நூற்றுநாற்பது வீடுகளுக்கும் மேட்டில் மாற்று வீடு. அதன் செலவில் பக்கத்து அனல்மின் நிலையமும் தன் பங்கைத் தர வேண்டும்.

"புது வீட்ல மாடிப்படி இருக்குமாடி? முட்டி தாங்காது" என்றாள். அறிவியலில் அவளுக்குள்ள அக்கறை அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். அறிக்கையை வெளியே விடுமுன் எழுதியவரே அதற்கு எதிராகவும் எழுத வேண்டும். தாளின் முன்பக்கம் சந்தேகம், ஈவிரக்கம் இல்லாமல். பின்பக்கம் பதில். பிறகு இருப்பதிலேயே கறாரான ஆளிடம் அதைக் கொடுக்க வேண்டும். எனக்கு அது எப்போதும் ஓட்டை அண்ணன். பதினொரு வருடமாக எதிர்மேசை. எதைக் கொடுத்தாலும் ஓட்டை கண்டுபிடிப்பார் என்பதால் நான் வைத்த பெயர். அவருக்கும் அதில் பெருமைதான்.

பன்னிரண்டு தாள் எழுதினேன். முதல் தாளில்: "ஏறுவது கடல் அல்ல, இறங்குவது நிலம். கரைத்தெருக்காரர்கள் போட்ட ஆழ்துளைக் கிணறுகளே காரணம்." வேண்டுமென்றே கொடூரமாக எழுதினேன். பின்பக்கத்தில், தெருவின் நிலம் இறங்கவில்லை என்று காட்டும் ஒன்பது வருடச் செயற்கைக்கோள் அளவுகள்.

"உன்னை நீயே இப்படித் திட்டிக்கிட்டா, மத்தவங்களுக்கு என்னம்மா மிச்சம்?" என்று சிரித்தார் அண்ணன்.

பிப்ரவரி 20

அண்ணன் திருத்தியது ஒரே ஒரு காற்புள்ளி. ஆச்சரியம்தான்.

மார்ச் 6

மூன்று நாளாக அவர் விடுப்பு. கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்கிறார். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ?

மார்ச் 14

விசாரணை. எழுதக் கை வரவில்லை.

மார்ச் 15

எழுதிவிடுகிறேன். மின்நிலையத்தின் வக்கீல் கோப்பிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். நகல். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"இது நீங்க எழுதினதுதானே?"

ஆமாம் என்றேன். படித்தார். நிலம் இறங்குகிறது, கிணறுகள் காரணம், அளவுகோல் பழையது — பன்னிரண்டையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"பதில் பின்பக்கம் இருக்குங்க" என்றேன். தாளைத் திருப்பிக் குழுவுக்குக் காட்டினார். வெள்ளை. நகலெடுத்தது முன்பக்கத்தை மட்டும். யாரோ சிரித்தார்கள். அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது என்று நான் தொடங்கியபோது குழுத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கடைசி வரிசையில் இருந்திருக்கிறாள். வாசலில் பிடித்துக்கொண்டாள். "நாங்க கிணறு போட்டதாலதான்னு நீயே எழுதியிருக்கே. எங்ககிட்ட ஒரு பேச்சு, அங்க ஒரு பேச்சா?"

ஒருத்தி தனக்கு எதிராகத் தானே எதற்கு எழுதுவாள்? அதை எப்படித் தெருவில் நின்று விளக்குவது? நான் பாதி சொல்வதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

மார்ச் 16

அந்தத் தாள்கள் ஒரே ஆளிடம்தான் இருந்தன. ஒருவேளை அலமாரியிலிருந்து யாராவது எடுத்திருப்பார்களோ? அவருக்குத் தெரியாமல் — சீ. இன்னும் அவருக்குத்தான் வக்காலத்து வாங்குகிறது இந்த மனசு.

மார்ச் 18

அண்ணன் மேசையைக் காலிசெய்ய வந்தார். அடுத்த மாதம் முதல் மின்நிலையத்தில் ஆலோசகராம்.

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலையே. எல்லாம் நீ எழுதினதுதானே?"

பாவி. பாவி மனுஷன். எங்கப்பா செத்தப்ப மூணு நாள் கூடவே நின்ன ஆளு. எப்படி மனசு வந்துச்சு? திட்டணும்னு வாயைத் திறந்தா அழுகைதான் வருது. ஒன்றே ஒன்று கேட்டேன்: "பின்பக்கம் படிச்சீங்களாண்ணா?"

"படிச்சேன். பதில் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

என் கணக்கு தப்பு என்று நினைத்து அவர் செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் 2

அக்கா ஃபோனை எடுப்பதில்லை.

மே 11

குழுவின் முடிவு வந்தது. காரணம் உறுதிப்படவில்லை, இன்னும் மூன்று வருடம் ஆய்வு தேவை. அதுவரை கடல் சும்மா இருக்கும் போலிருக்கிறது.

ஜூன் 5

இயக்குநர் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "இனிமே சந்தேகத்தை எல்லாம் எழுத்துல வைக்காதீங்கம்மா."

"அப்ப ஆய்வகம் எதுக்கு சார்? பூவா தலையா போட்டுப் பார்த்துடலாமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூலை 19

அக்கா வந்தாள். நான்கு மாதம் கழித்து. காலில் உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டுத் தோல் உரிந்திருந்தது. கையில் ஒரு தாள்.

கரைத்தெருவுக்கு மேட்டில் வீடு தருகிறதாம் மின்நிலையம், நல்லெண்ணத்தின் பேரில். வீட்டுக்கு ஒருவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்: எங்கள் நிலம் இறங்கியது நாங்கள் போட்ட கிணறுகளால், இதற்காக யார்மீதும் வழக்குப் போடமாட்டோம்.

"இது பொய்க்கா."

"தெரியும்டி. நீ வாசல்ல வச்சுச் சொன்னதை அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி." தாளை மேசைமேல் வைத்தாள். "ஆனா தண்ணி கட்டில் வரைக்கும் வந்துடுச்சு."

அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. சாட்சியாக உடன்பிறந்தவர் ஒருவர் போட வேண்டுமாம். பேனாவை நீட்டினாள்.

போட்டேன். பெயருக்குக் கீழே தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. 'கடல்மட்ட ஆய்வாளர்' என்று எழுதிக்கொடுத்தேன்.