எர்மிப்பு விட்டுவிட்ட வரி

தியத்தீரா,
ஒலிவக்காய் பறிப்பு முடிந்த மறுவாரம்

அன்புள்ள அப்பியாளுக்கு உன் கணவன் எர்மிப்பு எழுதுவது.

சிமிர்னாவில் நீயும் உன் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேர்ந்தனவா என்று கம்பளி வண்டிக்காரனைக் கேட்டேன். "கையிலயே குடுத்தேங்க. வாங்கி உள்ள வெச்சாங்க, அவ்வளவுதான்" என்றான். பழிபோட வண்டிக்காரனும் இல்லாமல் போய்விட்டது.

சாம்பிராணி போட மறுத்ததற்காக உன் அண்ணன் அர்த்தேமோனைப் படைவீரர்கள் வெட்டி ஏழு மாதம் ஆகிறது. அதே காலையில், அதே பீடத்தில், மன்னன் சிலைக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுவிட்டு நான் உயிரோடு வீடு திரும்பியும் ஏழு மாதம். அதற்குத் தண்டனையாகச் சபையார் விதித்தபடி கூடத்தின் வாசற்படிக்கு வெளியே நிற்கிறேன். திருவிருந்தின் அப்பம் எடுக்கும் நேரம் வந்ததும் போய்விட வேண்டும். போய்விடுகிறேன்.

இப்போது அவர்களுக்கு ஒரு சங்கடம். தீவுக்கு நாடு கடத்தப்பட்ட பெரியவர் தான் கண்ட தரிசனங்களை எழுதி அனுப்பிய சுருள் நமக்கும் வந்திருக்கிறது. பிரித்து வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். நம் சபையில் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சிமிர்னாவில், இன்னொருவன் வாசலுக்கு வெளியே. மூப்பர் சோசிமு மூன்று நாள் யோசித்துவிட்டு, "நீ உள்ள வரக்கூடாது. சுருள் வெளிய வரலாம், தப்பில்ல" என்றார். ஆகவே படியில் நின்று உள்ளே பார்த்து வாசிக்கிறேன். போன வாரம் மழை. இரண்டு பெண்கள் ஓடிவந்து கம்பளியை விரித்துப் பிடித்தார்கள். எனக்கல்ல, சுருளுக்கு.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஆனால் அவர்கள் முகங்களைப் பார்க்கிறேன். தொழிற்சங்க விருந்தில் சிலைக்குப் படைத்த கறியைத் தொட மாட்டோம் என்றதற்காகப் பட்டறையிலிருந்து விரட்டப்பட்ட சாயக்காரர்கள், பெரிய நகரம் ஒரே மணி நேரத்தில் விழும் இடம் வந்ததும் முதுகு நிமிர்ந்து உட்காருகிறார்கள். "அதை மறுபடி படி" என்கிறார்கள். அந்த நேரம் மட்டும் நான் வெளியே நிற்பவன் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீ திரும்பி வருவாயா? மற்றதெல்லாம் எழுதாவிட்டாலும் போகிறது.

எர்மிப்பு

---

சிமிர்னா,
முதல் குளிர் மழைக்குப் பின்

எர்மிப்பு அவர்களுக்கு அப்பியாள் எழுதிக்கொண்டது.

மூன்று கடிதங்களும் வந்தன. வருவேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதியிருப்பேன்.

அண்ணி மெலித்தா துறைமுகத்தில் மீன் அரிகிறாள். நான் நூல் நூற்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இங்கே சபையில் எனக்கு முன்வரிசை. சாட்சியாகச் செத்தவனின் தங்கையாம். கிழவிகள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். கை மரத்துப்போனதுபோல இருக்கிறது.

அந்தச் சுருள் இங்கேயும் வாசிக்கப்பட்டது. புதிய பூமியில் கடலே இருக்காது என்றதும் மீனவர்கள் பக்கம் ஒரே சலசலப்பு. "அப்ப நாங்க எங்கடா போறது?" என்று ஒருவன் கேட்டான். "உன் நாத்தம் இல்லாம நாங்க நிம்மதியா இருப்போம்" என்றாள் அவன் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்து மூடினேன்.

காதில் விழுகிறது, உள்ளே இறங்கவில்லை. கையில் வைத்துப் படித்தால் ஏதாவது உறைக்குமோ என்னவோ. வெட்டுண்டவர்கள் பலிபீடத்தடியில் இருந்து நியாயம் கேட்கும் இடம், கடைசியில் வானத்திலிருந்து புதிய நகரம் இறங்கிவரும் இடம், இவ்விரண்டையும் நகலெடுத்து அனுப்புங்கள். இங்கே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பியாள்

---

தியத்தீரா,
நாள் மிகவும் குறுகிய வாரம்

அன்புள்ள அப்பியாளுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நீ சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் தனியாக இரண்டு தடவை.

கேட்ட தாள்கள் இத்துடன் உள்ளன. சுருளை வீட்டுக்குத் தர மாட்டேன் என்றார் சோசிமு. அவர் மகள் படிக்கு உள்ளே உட்கார்ந்து பிரித்துப் பிடிக்க, நான் வெளியே உட்கார்ந்து எழுதினேன். ஆறு காலைகள் ஆயின. "மாமா, எழுத்து அழகா இருக்கு" என்று அவள் சொல்லிவிட்டு, பேசக்கூடாது என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரங்களில் சிவப்பாக இருப்பது என் விரல்தான். சாயவேர்க் கறை என்ன தேய்த்தாலும் போவதில்லை.

உன் தறியில் தூசி படியாமல் துணி போட்டு மூடியிருக்கிறேன்.

எர்மிப்பு

---

சிமிர்னா,
வாதுமை பூத்த வாரம்

எர்மிப்பு அவர்களுக்கு,

தாள்கள் கிடைத்தன. தினமும் படிக்கிறேன். அதனால்தான் கண்ணில் பட்டது. நகரம் இறங்கிவரும் இடத்தில் ஒரு வரி இல்லை. பயந்து பின்வாங்கியவர்களுக்கு நெருப்பு ஏரியில்தான் பங்கு என்கிற வரி. இங்கே அதை வாசித்தபோது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தியத்தீராவிலும் அதை விழுங்கிவிட்டுத்தான் வாசிக்கிறீர்களா? இந்தச் சுருளில் ஒரு சொல்லைக் குறைப்பவனுக்கு அந்த நகரத்தில் இடமில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறதே. உங்களுக்குத் தெரியாதா? உங்களைக் காப்பாற்றிக்கொள்ள இதையுமா செய்தீர்கள்?

அப்பியாள்

---

தியத்தீரா,
அதே மாதம்

அன்புள்ள அப்பியாளுக்கு,

சபையில் விட்டதில்லை. அந்த வரி வரும்போது சோசிமு என்னை நேராகப் பார்ப்பார். எல்லோரும் பார்ப்பார்கள். நிறுத்தி, நிதானமாக, கடைசி ஆளுக்கும் கேட்கிறமாதிரி வாசிக்கிறேன். அதில் நான் இருக்கிறேன் என்பதை நான் மறுக்கவில்லை.

உனக்கு எழுதும்போதுதான் விட்டேன். தெரிந்துதான் விட்டேன். குறைப்பவனுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்த வரியை நீ ஒவ்வொரு நாளும் கையில் வைத்துப் படிப்பாயே என்று நினைத்தேன், கை ஓடவில்லை. அவ்வளவுதான். அன்று பீடத்தின் முன்னால் என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், போட்டது என் கை என்றுதான் சொல்லியிருக்கிறேன். இனியும் அப்படித்தான் சொல்வேன். நீயும் அப்படியே இருந்துகொள்.

எர்மிப்பு

---

சிமிர்னா,
பஸ்காவுக்கு ஒன்பது நாள் முன்பு

என் எர்மிப்புக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அந்த வரியை உங்களுக்காக விட்டீர்கள் என்று ஏசினேன். எனக்காக விட்டிருக்கிறீர்கள்.

நேற்று வாரத்தின் முதல் நாள். வாசிப்பு முடிந்ததும் முன்வரிசையிலிருந்து எழுந்தேன். ஏதோ நன்றி சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் அமைதியானார்கள். நான் சொன்னேன்: "அன்னிக்கு என் புருஷன் சாம்பிராணி போட மாட்டேன்னுதான் நின்னாரு. கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாரு. நான்தான் பின்னால இருந்து, போடுங்க, போடுங்க, செத்துறாதீங்கன்னு கெஞ்சினேன். அவர் கையப் புடிச்சுத் தட்டுல வெச்சதே நான்தான். எங்க அண்ணன் பார்த்துக்கிட்டே இருந்தான். அதுக்கப்புறம் அவர் மூஞ்சியப் பார்க்க முடியாமதான் இங்க ஓடியாந்தேன்."

"இது யார் யாருக்குத் தெரியும்?" என்று மூப்பர் கேட்டார்.

"அவருக்குத் தெரியும். ஒரு வருஷம் ஆகப்போகுது, வாசல்ல நிக்கிறாரு. ஒரு வார்த்தை சொல்லல."

என்னையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். முன்பு என் கையைக் கண்ணில் ஒற்றிய கிழவி ஒருத்தி மட்டும் தலையை நீட்டி, "அடிப்பாவி" என்றாள். வாய் திட்டியதே தவிர, கண் அழுதது. மெலித்தா என்னோடு பேசவில்லை. நேற்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. ஆனால் என் பங்கு மீனைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் போனாள். தட்டைப் பார்த்ததும் அழுகை வந்தது. அண்ணன் செத்த நாள் முதல் வராதது. நிறுத்தத் தெரியாமல் அழுதேன்.

நீங்கள் அனுப்பிய தாளில், விட்ட வரிக்குக் கொஞ்சம் கீழே, அந்த நகரத்தின் வாசல்களைப் பற்றி எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வாசலாம். ஒன்றையும் அடைக்க மாட்டார்களாம். இத்தனை நாள் படித்தும் அது என் மண்டையில் ஏறவில்லை. நெருப்பு ஏரியும் அதில் இருக்கிறது, அடைக்காத வாசலும் அதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கிறார். எது நமக்கு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்வரை உங்கள் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறேன்.

விட்ட வரியை அதன் இடத்தில் என் கையால் எழுதிவிட்டேன். இப்போது தாளில் குறை ஒன்றுமில்லை, உங்கள் மேல் அந்தப் பழி நிற்காது.

அடுத்த கம்பளி வண்டியில் புறப்படுகிறேன். சோசிமுவிடம் நானே சொல்கிறேன். நீங்கள் எதையும் மறுத்துப் பேசக்கூடாது.

உங்கள் அப்பியாள்