வெறுந்தறிச் சத்தம்

அக்கா,

இன்று காலையில் தெருவில் தறிக்கு ஏற்றும் பாவு நூலை நீள விரித்துக் கஞ்சி போடுகிறார்கள். உலகச் சண்டை முடிந்து நூல் வர ஆரம்பித்துவிட்டது. அந்தப் புளித்த கஞ்சி வாடை வாசல் வரை வருகிறது. நூலுக்குக்கூடக் கஞ்சி கிடைக்கிறது, உங்களுக்குத்தான் கிடைக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

நூல் நின்றுபோன அந்த வருஷம் நம் ராசிபுரத்துத் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. உங்கள் தறி மட்டும் ஓடியது. மாமா போன பிறகு தனியாளாக நெய்து வீட்டை நடத்தியவர் நீங்கள். எங்கிருந்தோ நூல் பிடித்துவிட்டீர்கள் என்றுதான் ஊர் நம்பியது. பக்கத்து வீட்டிலிருந்து நான் அடுப்புக்கு நெருப்புக் கேட்டு உள்ளே வந்த அன்றுதான் தெரிந்தது. தறியில் ஓர் இழை இல்லை. தறிக்குழிக்குள் உட்கார்ந்து, இழையை நெருக்கி அடிக்கிற பலகையை வெறுமனே இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"சத்தம் நின்னா சம்மந்தம் நின்னு போயிரும் சாமி" என்றீர்கள். உங்கள் மகளைப் பெண் கேட்டிருந்தவர்கள் தெருக்கோடி வீட்டுக்காரர்கள். அவர்கள் காதுக்காகத்தான் அத்தனை அடியும்.

ஜவுளி வியாபாரிகளின் தருமச் சங்கத்தார் கஷ்டப்பட்ட வீடுகளுக்கு அரிசி கொடுக்க வந்தார்கள். உள்ளே வந்து பார்க்க மாட்டார்கள். வாசலில் நின்று காது கொடுப்பார்கள். தறி ஓய்ந்த வீட்டுக்கு அரிசி, ஓடுகிற வீட்டுக்கு இல்லை, அவ்வளவுதான் விசாரணை. உங்கள் வாசலில் நின்ற பெரியவர் சிரித்தார். "லடக்கு லடக்குன்னு கேக்குதே, இந்த ஊட்டுக்கு என்னத்துக்கு?"

"ஏனுங்க, அது வெறுந்தறிங்க. உள்ள வந்து பாருங்க" என்றேன்.

நீங்கள் வெளியே வந்தீர்கள். நிற்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அவ கெடக்கறா உடுங்க. பாவு ஏத்தியிருக்குதுங்க" என்றீர்கள்.

"அடுத்தூட்டு மானத்த ஏம்மா வாங்கறே?" என்று அவர் என்னைக் கடிந்துவிட்டு நகர்ந்தார். பசிக்கிற வாய் இவ்வளவு பொய் சொல்லுமா, அக்கா?

நான் கொண்டுவந்த கூழையும் மகளுக்கே ஊற்றினீர்கள். காய்ச்சல் கண்டு, ஒருநாள் தறிக்குழியிலேயே சாய்ந்துவிட்டீர்கள். அன்று அரிசி வந்தது. சாவு விழுந்த வீட்டுக்குக் கேள்வி கேட்காமல் கொடுப்பது சங்கத்தின் வழக்கமாம். அதே பெரியவர்தான், "வாய்க்கரிசிக்கு ஆகும்" என்று வைத்தார். நல்ல அரிசி. தெருக்கோடி வீட்டார் வந்து வெறுந்தறியைப் பார்த்தார்கள். அதோடு சம்பந்தப் பேச்சு முடிந்தது. எல்லாரும் வாய்க்கரிசி போட்டது போக முறத்தில் மிஞ்சியதை உங்கள் மகள் உங்கள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பச்சையாக மென்றாள். பிடுங்க வந்த கைகளை நான் தட்டிவிட்டேன்.

அவள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கோ ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்காமல் அடுப்பங்கரைக்குள் நுழைந்து பானையைத் திறந்து பார்க்கிறேன். மானங்கெட்டவள் என்று தெருவே சொல்கிறது. போன வாரம் ஒருத்தி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். திறக்கும்வரை தட்டினேன். பானை காலியாகத்தான் இருந்தது.