பாதியில் வராத கிரகணம்

இன்று காலை பழவேற்காடு ஏரிக்கரையில் இறால் வாங்க நின்றேன். அங்கே இரண்டு கூட்டத்தாருக்குள் சண்டை. "நேத்து உங்க பாடு, இன்னிக்கு எங்க பாடு. நடுவுல நீ இன்னாத்துக்கு வலைய வுட்ற?" வலை போடும் இடத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக்கொள்ளும் அந்தப் பாடு முறைதானே உன் கணக்கையும் கவிழ்த்தது! இறாலை மறந்து சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

நீ இதே ஏரிக்கரையின் தோணிரேவுக் குப்பத்தில் பிறந்த வானியல்காரி. நான் பொன்னேரிக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் உன் பள்ளித்தோழி. ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, அது உண்மையில் இரண்டு, ஒன்றையொன்று சுற்றுகின்றன, ஒன்று மற்றதை மறைத்தால் வெளிச்சம் குறையும் என்றாய். கதை விடுகிறாய் என்றுதான் நினைத்தேன். ஒரு மறைப்பைக் காட்டினாய். "அடுத்தது எப்போடி?" என்றேன்.

"அடுத்தது சரியா பாதிச் சுத்துல. மாத்தி மாத்தி மறைக்கணும்ல, நம்ம பாடு மாதிரி" என்றாய். நீ குறித்த மாலையில் டச்சுக் கல்லறை மதிலோரம், காட்டுப்பள்ளித் துறைமுக வெளிச்சம் படாத பக்கமாகத் தொலைநோக்கியை வைத்துக் காத்திருந்தோம். நட்சத்திரம் துளியும் மங்கவில்லை. கொசுதான் கடித்தது.

நீ அசரவில்லை. இரண்டும் நம்மை நோக்கி வருகிற, விலகுகிற வேகங்களை மாதக்கணக்கில் அளந்தாய். பாதை வட்டமில்லை, நீண்ட முட்டை வடிவம். "கிட்ட வந்தா ஓட்டம், தூரப் போனா நடை. பாதியில எப்புடிடி வரும்? எனக்குப் புத்தி எங்க போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டு புதிய நேரம் குறித்தாய். பிறகு கல்லறைக் கற்களைக் காட்டினாய். "இவங்க கப்பல் இங்க நின்ன காலத்துல கெளம்புன வெளிச்சம்டி அது. மறைக்கிறது எப்பவோ மறைச்சாச்சு. நாமதான் இனிமே பாக்கப்போறோம்."

அந்த நாள் வருவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கணக்கு சரியா தப்பா என்று தெரியாமலே போனாயே என்று எனக்கு ஆத்திரம். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே மதிலோரம் போனேன். பொழுது சாய்ந்து சிறிது நேரம்தான். பக்கத்து நட்சத்திரத்தைவிடப் பளிச்சென்று இருந்த நம் நட்சத்திரம் மெல்ல மெல்ல மங்கி அதைவிடச் சோகையாகிவிட்டது. எவ்வளவு தொலைவில், எவ்வளவு பெரிய நெருப்புக் கோளங்கள்! இரண்டும் நீ குறித்த நேரத்துக்கு வந்து நின்றன.

"எம்பொண்ணு சொன்ன நேரத்துக்கேவாம்மா?"

"ஆமாம்மா."

உன் அம்மா மேலே பார்க்கவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மறைப்பை உன் அளவுகளை வைத்து நானே கணக்கிட்டிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன். தப்பாகிப்போனால் என்னைக் கேலி செய்ய நீ இல்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.