ஐலீனைக் கப்பலில் கூட்டிப்போன நாட்கள்

18 மே 2025, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் லெஸ்லி போனை என் முன்னால் நீட்டினார். கப்பல் படம். ஜூன் பன்னிரண்டு, சிங்கப்பூரிலிருந்து, நான்கு நாள். பதிவு செய்தே விட்டாராம். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தால் ஏற்றிக்கொள்வார்களாம். ஐலீனுக்கு ஏழு முடிந்துவிட்டது.

கப்பல் கிள்ளானுக்கும் பினாங்குக்கும் போகிறது. அதாவது மலேசியாவில் எங்கள் ஊர் மாசாயிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, மறுபடி மலேசியாவுக்கே வருகிறோம். இதைச் சொன்னேன். நான் வேடிக்கை பேசியதாக நினைத்து லெஸ்லி சிரித்தார். நான் கணக்குத்தான் சொன்னேன்.

ஏஞ்சலா அக்காவுக்கு முன்பே தெரியும் போல. லெஸ்லியின் அக்கா, அடுத்த தெருவில் வீடு. கொஞ்சம் காற்று மாறினால் எனக்கு முகம் தெளியும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சந்தோஷமா என்று லெஸ்லி இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். இதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

21 மே

பால் ஐந்து தடவை. கஞ்சி ஒரு தடவை, பாதியைத் துப்பிவிட்டாள். மதியம் தூங்கினாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

25 மே, ஞாயிறு

இன்று பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். முட்டி போட்டதும் சாமியாரிடம் சில்லறைப் பாவங்களாகச் சொன்னேன். ஜெபமாலை சொல்வதில்லை. வீட்டுக்காரரிடம் எரிந்து விழுகிறேன் – அதுகூடப் பொய், எரிந்து விழ எனக்குத் தெம்பு ஏது? சொல்லவேண்டியது மட்டும் வாயில் வரவில்லை.

இங்கேயாவது எழுதுகிறேன். என் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பிறந்த நாளிலிருந்து இப்படித்தான். அவள் மேல் வெறுப்பு இல்லை, அடிக்கத் தோன்றியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை யாரோ என்னிடம் கொடுத்துவிட்டு வாங்கிப்போக மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. குளிப்பாட்டுகிறேன், பால் கொடுக்கிறேன், ஊசி போடக் கூட்டிப்போகிறேன். ஒன்றும் குறை வைக்கவில்லை. பெற்ற தாய்க்கு இதைவிடப் பெரிய பாவம் என்ன இருக்கிறது?

லெஸ்லிக்குத் தெரியாது. தெரிய வழியில்லை. சிங்கப்பூரில் ஊட்லண்ட்ஸ் தொழிற்சாலைக்கு விடியுமுன் கிளம்பிப் போகிறார், பாலத்து நெரிசலில் நின்று வீடு வர இரவு ஒன்பது. அவர் பார்க்கும்போது குழந்தை தூங்குகிறது, துணி மடித்திருக்கிறது, சோறு மூடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆள். இந்தத் தாமான் குடியிருப்பில் பாதி வீடு இப்படித்தான் ஓடுகிறது. சொன்னால் என்ன ஆகும்? பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்களா? வாங்கினால் எனக்கு வலிக்குமா என்றும் தெரியவில்லை. அதுதான் பயம்.

7 ஜூன்

பெட்டி கட்டினோம். லெஸ்லி நீச்சல் பேம்பர்ஸ் வாங்கி வந்திருக்கிறார், வாத்து படம் போட்டது. அதற்கு ஜோடியாக ஒரு தொப்பி. ஏஞ்சலா அக்கா கஞ்சி காய்ச்ச சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைத் துணிகளுக்கு நடுவே சொருகிவிட்டார். கப்பல்காரன் கஞ்சி எப்படி வைப்பானோ என்று அவருக்குக் கவலை. எல்லாரும் இவ்வளவு ஆசையாக இருக்கிறார்கள்.

12 ஜூன், வியாழன்

கப்பலில் இருக்கிறேன். வந்து சேர்ந்ததே பெரிய கதை.

லெஸ்லி ஒன்பது வருடமாகத் தினம் கடக்கிற பாலம். கண்ணை மூடிக்கொண்டு போவார். போனார் – வேலை பெர்மிட் இருப்பதால் தானியங்கிக் கதவு அவரை உள்ளே விட்டது. நானும் ஐலீனும் கௌண்டரில் நின்றோம். எங்கள் வருகை அட்டை எங்கே என்று அதிகாரி கேட்டாள். பெர்மிட்காரர்களுக்கு அந்த அட்டை தேவையில்லை. ஆகவே லெஸ்லிக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் போடவில்லை.

சுவரோரம் போய் போனில் நிரப்பச் சொன்னார்கள். லெஸ்லி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவர் திரும்பி வர முடியாது. கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். லைன் வந்து வந்து போனது. ஐலீன் இடுப்பிலிருந்து கத்தினாள், கூட்டமே திரும்பிப் பார்த்தது. கப்பலில் ஏறும் நேரம் முடிய ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

குழந்தையின் பிறந்த தேதி கேட்டது. எனக்கு வரவில்லை. அக்டோபர் என்று தெரியும். தேதி? நின்று யோசித்தேன். பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்து நிரப்பினேன். பதினொன்று.

தவறவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. லெஸ்லி டாக்சிக்காரனை விரட்டி நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். கப்பலில் ஏறும்போது ரைஸ் குக்கரை எடுத்து வைத்துக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். சூடு பண்ணுகிற சாமான் எதுவும் கூடாதாம். லெஸ்லி திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார், என்னிடம். நான் கோபப்படவில்லை என்பது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்கும்.

அறைக்கு ஜன்னல் இல்லை. கட்டில், குழந்தைக்கு ஒரு தொட்டில், நடக்க ஒரு ஆள் அகலம்.

13 ஜூன்

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே அறையில் ஒரு நாள் முழுதும் இருந்தது இன்றுதான் என்று நினைக்கிறேன். லெஸ்லிக்கு வேலையில்லாததால் என்னையே பார்க்கிறார்.

நீச்சல் குளத்தில் பேம்பர்ஸ் போட்ட குழந்தைகளை விடமாட்டார்களாம், வாத்து போட்டதானாலும். லெஸ்லி தொப்பியோடு ஐலீனைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தண்ணீர், மீன், மாமா குதிக்கிறார் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே நடந்தார். அவள் அவர் வாயையே பார்த்தாள். தினம் அரைமணி நேரம் பார்க்கிற அப்பாவிடம் எப்படி ஒட்டிக்கொள்கிறாள்.

மதியம் நான் பேம்பர்ஸ் மாற்றினேன். துடைத்தேன், பவுடர் போட்டேன், தொட்டிலில் போட்டேன். லெஸ்லி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஜெரி, நீ ஏன் அவகிட்ட பேசவே மாட்டேங்குற?"

அலுப்பாக இருக்கிறது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மாசாயில் அடுத்த அறைக்குப் போய்விடலாம். இங்கே எங்கே போவது? குளியலறையில் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

14 ஜூன், சனி, சாயங்காலம்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் பினாங்கு. லெஸ்லி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் ஐலீனைப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை விடுவது, அவர் இறங்கிப்போய் அக்காவுக்கு பிஸ்கட் வாங்குவது, நான் மேல்தளத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. எனக்கு ஓய்வு வேண்டும் என்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். அந்த அறையில் ஒரு சின்ன போன் கொடுத்தார்கள். அழுதால் கூப்பிடுவோம், இல்லாவிட்டால் பன்னிரண்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஐலீன் என் சட்டையைப் பிடித்திருந்தாள். விரல் விரலாக எடுத்துவிட்டேன்.

தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பினாங்குக் கட்டடங்கள் தெரிந்தன. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. மேசையில் வைத்து அதைப் பார்த்தேன். நின்றது. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் இந்த நேரம் இப்படியே நீளும் என்று ஒரு எண்ணம் வந்தது. அவ்வளவுதான். சந்தோஷமில்லை, பயமில்லை. எத்தனை தடவை அடித்தது என்று எண்ணவில்லை. தேநீரில் ஆடை கட்டிவிட்டது.

ஒன்றரை மணிக்கு லெஸ்லி வந்தார். கப்பலில் கால் வைத்ததும் ஆள் பிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். தோளில் ஐலீன். அழுது அழுது கண் வீங்கி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மறு கையில் பிஸ்கட் பை.

அவர் கத்தவில்லை. எதிரே உட்கார்ந்தார். மேசை மேல் இருந்த போனைப் பார்த்தார்.

"தூங்கிட்டியா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லட்டும் என்றுதான் கேட்டார் – அது எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு ஆமாம் போதும், நாளைக்கு இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம், திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போய்விடுவார், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"இல்ல. அடிச்சது கேட்டுச்சு. எடுக்கல."

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். அவளைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலங்க, பொறந்ததுலருந்து தோணல, நானும் பாத்துட்டேன், வரல, என்று சொன்னேன். என் குரல் யாரோ மளிகைச் சாமான் பட்டியல் படிப்பது போல இருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் நண்டு உடைத்துக்கொண்டிருந்தது. லெஸ்லி ஐலீன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"எம்மேலயும் அப்படித்தானா?"

"எல்லாத்து மேலயும்."

அழுதார். ஒரு ஆம்பளை, அத்தனை பேர் நடுவில், குழந்தையின் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி அழுகிற மனுஷனுக்கு நான் கையையாவது பிடித்திருக்க வேண்டும்.

15 ஜூன், ஞாயிறு

வீடு வந்தாயிற்று. லெஸ்லி வழி முழுக்க ஐலீனைக் கீழே விடவில்லை. சிங்கப்பூர் குடிநுழைவில் அவருடைய தானியங்கிக் கதவு காலியாக இருந்தது. போகவில்லை. எங்கள் நீள வரிசையில் எங்களோடு நின்றார்.

17 ஜூன்

லெஸ்லி அவசர லீவு போட்டுவிட்டு அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் மிஸ்ஸி அவரை வெளியே உட்காரச் சொன்னாள். உள்ளே ஒரு மலாய் டாக்டர், என்னைவிடச் சின்னவள். எல்லாவற்றையும் கேட்டாள். உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டாள். இல்லை என்றேன். உண்மைதான். இது பிரசவத்துக்குப் பின் வருகிற நோய், பேர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஆனால் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடிதம் கொடுத்தாள்.

பாவம் என்று நான் எட்டு மாதம் தூக்கிச் சுமந்ததை அவள் ஒரு வரியில் கணினியில் தட்டிவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தார். மாத்திரையெல்லாம் எதற்கு, யாரோ கண் வைத்திருப்பார்கள், ஜெபம் பண்ணினால் சரியாகும் என்றார். லெஸ்லி சொன்ன பதிலை எழுதி வைக்கவேண்டும்.

"ஜெபமும் பண்ணுவோம்க்கா. மாத்திரையும் போடட்டும்."

அக்கா கொஞ்சம் முறைத்துக்கொண்டு போனார். ஆனால் இரவுச் சோறு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

1 ஜூலை

மாத்திரை பதினாலாவது நாள். வாய் காய்கிறது. வேறு ஒன்றுமில்லை.

லெஸ்லி மதிய ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டார். காலையில் ஐலீன் அவரிடம். நான் எட்டரை வரை தூங்கினேன்.

13 ஜூலை

ஐலீன் தவழ்கிறாள். முன்னால் போகத் தெரியாமல் பின்னாலேயே போய் சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். லெஸ்லி காலைப் பிடித்து இழுத்தெடுத்தார். அவர் சிரித்ததை நான் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றித்தான் போனேனா, சத்தம் கேட்டுப் போனேனா?

25 ஜூலை

ஆஸ்பத்திரி. மருந்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். அங்கே என்னைப் போல இன்னும் இரண்டு பேர் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தியுடைய குழந்தையின் பால் புட்டி உருண்டு வந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

9 ஆகஸ்ட், சனி

சிங்கப்பூரில் விடுமுறை, லெஸ்லி வீட்டில். காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் வாங்கப் போய் வந்தார். வண்டியைப் போர்ச்சில் நிறுத்தி, இரும்புக் கதவைச் சாத்தாமல், மீன் பையை அங்கேயே வைத்துவிட்டு யாருடனோ போனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் ஐலீன் வாசற்படியைத் தாண்டிவிட்டாள். வண்டிப் பக்கம் போகிறாள். புகைக்குழாய் வெயிலில் பளபளவென்று இருந்தது. கையை நீட்டிவிட்டாள்.

கத்தியை எங்கே போட்டேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. கை படுவதற்குள் வாரித் தூக்கிவிட்டேன். உள்ளங்கையைப் பார்த்தேன், விரல் விரலாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் லெஸ்லியைத் திட்ட ஆரம்பித்தேன். "கண்ணு எங்கய்யா வச்சிருக்க? எம்புள்ள கை வெந்து போயிருக்குமே, அறிவு இருக்கா உனக்கு?" – நீ, வா, போ என்று தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா வெளியே வந்து பார்த்தார். லெஸ்லி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். கண் கலங்கி, வாய் மட்டும் சிரித்தது. என்ன சிரிப்பு என்று அதற்கும் திட்டினேன்.

எழுத்து கோணலாக வருகிறது. ஐலீன் மடியில் இருக்கிறாள், பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாள். இறக்கி விட மனசு வரவில்லை.

லெஸ்லி இரும்புக் கதவுக்குப் புதுக் கொக்கி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். வரட்டும். நான் இன்னும் திட்டி முடிக்கவில்லை.